அந்தக் கிறிஸ்துமஸ் நாம் தோணியில் இருந்தோம்

கிருபா,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறோம். வாரா வாரம் ஃபோனில் பேசுகிற அம்மா எதற்காகப் பெங்களூருக்குக் கடிதம் போடுகிறாள் என்று கேட்பாய். ஃபோன் நம் வீட்டு ஹாலில் இருக்கிறது. ஹாலில் உன் அப்பா இருக்கிறார். அவரைச் சுற்றி எந்நேரமும் நாலு பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவதை அந்தச் சந்தைக்கடையில் நின்று சொல்ல முடியாது. அதோடு, ஃபோன் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. இத்தனை வருஷம் பூகோளம் நடத்தியவள் நான். மணி அடிக்கும்வரை யாரையும் வகுப்பை விட்டு வெளியே விட்டதில்லை.

உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷீலா வீட்டு மொட்டை மாடியில் பந்தல். ஜெபம் முடிந்து, மோதிரம் மாற்றி, எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம். உன் சிநேகிதன் ஒருவனுடைய அப்பா படிக்கட்டில் மயங்கி விழுந்தார். நீ எழுந்து ஓடினாய், தூக்கினாய், ஆட்டோ பிடித்தாய், அவருடைய மகன் பக்கத்திலேயே நின்றும் நீயே ஆஸ்பத்திரிக்குப் போனாய். சரியாகத்தான் செய்தாய். அந்த மனிதர் இப்போது நன்றாக நடமாடுகிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீ திரும்பி வந்தபோது விளக்குப் போட்டாகிவிட்டது, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இருந்த சனமெல்லாம் உன்னைப் புகழ்ந்தது. உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சம்பந்தியிடம், "என் பையனாச்சே!" என்றார். நான் ஷீலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பக்கத்தில் காலி நாற்காலி. முன்னால் இலையில் பிரியாணி ஆறிப்போய்க் கிடந்தது. நீ வந்ததும் சாப்பிடலாம் என்று அவள் தொடாமலே உட்கார்ந்திருந்தாள். நீ வந்தாய். வந்து, "செம அலைச்சல்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, உன் சிநேகிதர்களோடு போய் உட்கார்ந்து சாப்பிட்டாய்.

போன ஞாயிறு கோயிலில் உங்கள் கல்யாணத்துக்கு, மூன்று வாரம் வாசிக்கிற ஓலையில் இரண்டாவதை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று பாஸ்டர் வாசிக்கும்போது உன் அப்பா திரும்பித் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். ஆராதனை முடிந்ததும் ஷீலா என்னை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூப்பிட்டாள். கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. அவர் எப்பவும் இப்படித்தானா?"

"எப்படிம்மா?"

"யார் கூப்பிட்டாலும் போயிடறார். போறது தப்புன்னு சொல்லலை ஆன்ட்டி. ஆனா போகும்போது நான் அங்க இருக்கறதே அவருக்குத் தெரியலை. ஒரு நோயாளி மேல பொறாமைப்படறேனோன்னு எனக்கே அசிங்கமா இருக்கு. அம்மாகிட்ட சொன்னா, இப்படி ஒரு தங்கமான பையன் கிடைக்க நீ கொடுத்து வெச்சிருக்கணும்ங்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணாவது ஓலை வாசிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு தெளிவு வேணும் ஆன்ட்டி. இல்லேன்னா நிறுத்திடச் சொல்லி அப்பாகிட்ட சொல்லிடுவேன். திட்டட்டும், பரவாயில்லை" என்றாள்.

அந்தப் பெண் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுகிறவளைத் தேற்றிவிடலாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாரம் பொறு" என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்ல? அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் தைரியமாகச் சொல்லிவிட்டாள். தங்கமான மனுஷன்! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிகிறது.

நீ அவளிடம் தோணிக் கதையை அளந்துவிட்டிருக்கிறாய் என்று தெரியும். பத்து வயதில் தீவுகளுக்கு நடுவே பாய்மரத் தோணியில் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க வாழ்ந்தேன், எங்க அப்பா அம்மா மாதிரி யார் இருப்பார்கள் என்று. ஸ்கூலிலும் வருஷா வருஷம் அதைத்தான் கட்டுரை எழுதினாய். நான் திருத்திய பிரதிகளில், தோணியோடு துள்ளி வந்த ஓங்கில் மீன்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பயணம் உனக்கு ஓங்கில் மீன். எனக்கு அது வேறு. கிருபா, நான் உன்னையும் கூட்டிக்கொண்டு உன் அப்பாவை விட்டுப் போய்விடுவதாக முடிவு செய்துகொண்டுதான் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

பதறாதே, படி. உன் அப்பா குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஒரு கடுமையான சொல் சொன்னதில்லை. ரயில்வே ஆபீஸ் வேலை போக மீதி நேரமெல்லாம் ஊருக்கு. கிழக்குத் தாம்பரத்தில் யாருக்கு ரேஷன் கார்டு வேண்டுமானாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், எந்தப் பிள்ளைக்கு அட்மிஷன் கிடைக்காவிட்டாலும் நம் வீட்டுக் கேட்தான் திறக்கும். டிசம்பர் பிறந்தால் கேட்கவே வேண்டாம். கேரல் பார்ட்டிக்கு அவர்தான் தலைவர். பெட்ரோமாக்ஸ் விளக்கும் டோலக்குமாக சேலையூர், மாடம்பாக்கம், கேம்ப் ரோடு என்று வீடு வீடாகப் பாடிவிட்டு, தொண்டை கட்டிப்போய் விடியும்போது வருவார். அந்தக் கூட்டத்துக்கு நான் டின் டின்னாக அச்சு முறுக்கு சுட்டு வைக்க வேண்டும். எல்லார் வீட்டு வாசலிலும் சந்தோஷமாகப் பாடிவிட்டு வரும் மனிதர் என்னோடு பேசக் குரல் இல்லாமல் தூங்கிவிடுவார்.

தோணிக்குப் போனதற்கு முந்தின வருஷம் எனக்கு நல்ல காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. உன் அப்பா பதறிப்போய், ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, மாத்திரை வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பொழுது சாய்ந்து வாசல் மணி அடித்தது. பால்காரர் நின்றார்.

"அம்மா, சார் குட்தாரு, மாத்திரை. மெடிக்கலாண்ட ஒர்த்தரு சைக்கிள்ல இருந்து வுயுந்துட்டாருமா, சார் அவரைக் கூட்டிகினு ஆஸ்பத்திரி போயிகீறாரு. உன்னை வெந்நீர்ல போட்டுக்க சொன்னாரு."

மாத்திரை வந்துவிட்டது, அவர் வரவில்லை. பால்காரர் போகும்போது, "சார் மாரி மனுசன் இந்த ஏரியாலயே கிடையாதும்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். நான் யாரிடம் போய் முறையிட? எந்தப் பாஸ்டரிடம் சொல்ல? அடிக்கிற புருஷனைப் பற்றிச் சொன்னால் ஊர் நம்பும். நல்லவனைப் பற்றிச் சொன்னால் சொல்கிறவளுக்குத்தான் கெட்ட பெயர். அன்று நான் மாத்திரையை விழுங்கிவிட்டு நினைத்தேன், இந்த வீட்டில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், இல்லாமலே இருந்து பார்க்கலாம் என்று.

அடுத்த வருஷம் சபைக் கமிட்டித் தேர்தலில் உன் அப்பா தோற்றுப்போனார். உனக்கு நினைவிருக்காது. சபை இரண்டு கட்சியாகப் பிரிந்து, அவர் சுமந்து திரிந்த ஆட்களிலேயே பாதிப் பேர் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். புதுச் செயலர் கேரல் பார்ட்டிக்கும் புதுத் தலைவரைப் போட்டார். உன் அப்பா இரண்டு வாரம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து தாசன் மாமா எழுதினார். என் அண்ணன் அப்போது ஒரு சரக்குத் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். பழைய தோணியைச் செப்பனிட்டுப் புதுப் பாய் கட்டியிருக்கிறார்கள், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் முன் விடுமுறை நாட்களில் பக்கத்துத் தீவுகளைச் சுற்றி வெள்ளோட்டம் விடப்போகிறோம், முதலாளியிடம் சொல்லிவிட்டேன், மூன்று பேரும் வந்து தோணியிலேயே தங்குங்கள் என்று. நான் கேட்பதற்கு முன்பே உன் அப்பா, "போலாமே" என்றார். ஊரில் கேரல் போகும்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது, பாவம். நான் இரண்டு பையாகக் கட்டினேன். ஒன்றில் உன் துணியும் என் துணியும், மற்றதில் அவருடையது. உன் ஸ்கூல் சர்ட்டிபிகேட் எல்லாம் என் புடவைக்கு அடியில் இருந்தது.

தூத்துக்குடியில் பிறந்தவள்தான், ஆனால் நான் அதற்கு முன் தோணியில் ஏறியதே இல்லை. பெண்பிள்ளைகளுக்குக் கரையோடு சரி. கரும்பலகையில் தீவு வரைந்து, நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்டது என்று பிள்ளைகளைச் சொல்ல வைத்தவள், ஒரு தீவில் கால் வைக்க முப்பத்தைந்து வயதாயிற்று. தோணியில் இருந்த மூன்று ஆட்களும் என்னைப் பார்த்ததும் மாமாவின் காதில் என்னவோ சொன்னார்கள். பெண் ஏறினால் காற்று நின்றுவிடுமாம். மாமா சிரித்துவிட்டு, "நிக்கட்டும்ல. நின்னா அவளே ஊதித் தள்ளுவா. பள்ளிக்கூடத்துல அதானே வேல" என்றார்.

நாம் வாழ்ந்த வீட்டை நினைத்துப் பார். நடுத்தளத்தில் தார்ப்பாயைக் கட்டி ஒரு கூடாரம், அதற்குள் கோரைப்பாய் மூன்று. மரப்பெட்டியில் மணலை நிரப்பி அதன்மேல் அடுப்பு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துதான் சமைக்க வேண்டும், காற்று மாறினால் நானும் பாத்திரங்களோடு இடம் மாற வேண்டும். குடிக்கிற தண்ணீர் பீப்பாயில், குளிக்கிறது கடலில். கக்கூஸ் என்பது தோணியின் பின்புறம் கடலுக்கு மேலே தொங்கும் ஒரு சாக்குக் கட்டிய பெட்டி. நீ முதல் நாள் உள்ளே போக மாட்டேன் என்று அழுதாய், மூன்றாம் நாள் அதற்குள்ளேயே பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், வெளியே தோணியே வரிசையில் நின்றது. வான் தீவு, காசுவாரித் தீவு என்று ஒவ்வொன்றின் மறைவிலும் நங்கூரம் போட்டோம். ஆள் இல்லாத மணல், முட்புதர், முழங்கால் அளவுத் தண்ணீரில் பச்சையாகத் தரை தெரியும். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்தேன். வேறு எதற்காக வந்தேன் என்பதே சில நேரம் மறந்துபோனது. அவ்வளவு அழகு, கிருபா. அதை மட்டும் நீ உன் கட்டுரைகளில் கூட்டிச் சொல்லவில்லை.

உன் அப்பா முதல் இரண்டு நாள் வாந்தி எடுத்தார். தெளிந்ததும் உதவி செய்யக் கிளம்பிவிட்டார். யாருக்கும் அவர் உதவி வேண்டியிருக்கவில்லை. கயிறு இழுக்கப் போனார், அவிழ்க்கக் கூடாத கயிற்றை அவிழ்த்து, பாய் பாதி சரிந்து, ஓர் ஆள் மயிரிழையில் தப்பினான். அடுப்பு மூட்டப் போனார், ஒரு நாள் விறகை நனைத்தார். மாமா தோளில் கை போட்டு, "மாப்ளே, நீங்க சும்மா இருங்க. அதுவே எங்களுக்குப் பெரிய ஒத்தாச" என்றார். மனிதர் முகம் செத்துப்போனது. தோணியின் முன்முனையில், அணியத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. எங்கும் போக வழியில்லை, கேட்டைத் தட்ட ஆள் இல்லை, இனிமேல் என் பக்கம் திரும்பத்தானே வேண்டும்? பன்னிரண்டு வருஷமாக எனக்குக் கிடைக்காத மனிதரைக் கடல் பிடித்து வைத்துக்கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். தலை வாரிக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை தீவின் மறைவில் நாலைந்து மீன்பிடி வள்ளங்கள் வந்து ஒதுங்கின. நான் கடலை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் உன் அப்பாவைக் காணோம், உன்னையும் காணோம். தோணியோடு கட்டியிருந்த சிறு படகையும் காணோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் மேல் பாட்டு வருகிறது. எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு, நீ கீச்சுக்குரலில் பாட, உன் அப்பா வள்ளம் வள்ளமாகப் போய் கேரல் பாடிக்கொண்டிருந்தார்! அந்த மீன்காரர்கள் கைதட்டினார்கள். நீங்கள் திரும்பி வரும்போது படகு நிறைய மீன், உங்கள் முகம் நிறையச் சிரிப்பு. "எவ்ளோ சந்தோஷப்பட்டாங்க தெரியுமா! ஒருத்தருக்குப் பையன் காலேஜ் அட்மிஷன் விஷயம், நான் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். கடலுக்கு நடுவிலும் மனிதர் ஒரு சபையைக் கண்டுபிடித்துவிட்டார். நான் இருந்த இடத்துக்கு ஓர் எட்டு வந்து, "நீயும் வரியா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் பாட வரும், கிருபா. கல்யாணத்துக்கு முன்னால் நான் கொயரில் பாடியவள்.

அன்று மாமா சுக்கானுக்குப் பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொல்லிவிட்டேன். "அண்ணா, நான் தாம்பரம் போகலை. நானும் கிருபாவும் உங்க வீட்லயே இருந்துடறோம்."

மாமா ஊசியை நிறுத்தவில்லை. புத்திமதி சொல்வார், மாப்பிள்ளை எவ்வளவு நல்லவர் என்று ஆரம்பிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு, "மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. வெள்ளையடிச்சித் தாரேன்" என்றார். பிறகு, "ஆனா மாப்ளைட்ட நீதான் சொல்லணும், ஏட்டி. நான் சொல்ல மாட்டேன்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஏன் என்று கேட்காமல் ஒருவர் எனக்கு இடம் கொடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உனக்கு ஒரு மகள் பிறந்தால், அவள் வந்து நின்றால், நீயும் அப்படியே இரு.

கிறிஸ்துமஸ் முடிந்து மறுநாள் காற்று நிஜமாகவே நின்றுபோனது. ஆட்கள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். பாய் துணி காயப்போட்டது போலத் தொங்கியது. நீ ஒரு மூலையில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாய். பாயின் நிழலில் நானும் உன் அப்பாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். வள்ளங்கள் போய்விட்டன. அவரைக் கூப்பிட ஒரு ஜீவன் இல்லை. அவராகவே பேசினார்.

"யாருமே என்னைக் கூப்பிடாத இடத்துல இப்பத்தான் இருக்கேன்."

"எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு" என்றார். சிரிக்காமல் சொன்னார். "எலெக்ஷன்ல தோத்தப்பவும் இப்படித்தான் இருந்துது. யாரும் எதுவும் கேக்கலேன்னா, நான் எதுக்கு இருக்கேன்னு தெரியலை." பிறகு, "நீ கூட என்னை ஒண்ணும் கேக்கறதே இல்லை. ஊர்ல எல்லாரும் வந்து கேக்கறாங்க. நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்கு ஒண்ணும் தேவைப்படலைன்னு நினைச்சுப்பேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! பன்னிரண்டு வருஷம் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை, மனிதர் தேவையில்லை என்று கணக்கு வைத்திருக்கிறார். "மனுவோட வந்து வாசல்ல நின்னாத்தான் பார்ப்பீங்களா? வீட்டுக்குள்ள இருக்கறவ கண்ணுக்குத் தெரிய மாட்டாளா?" என்று கேட்டுவிட்டேன். சத்தம் பெரிதாகவே வந்துவிட்டது போலிருக்கிறது, நீ சிப்பியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாய். தோணியில் போய்ப் படுக்க வேறு அறை கிடையாது, சாத்திக்கொள்ளக் கதவு கிடையாது. வீட்டில் என்றால் அவர் உடனே சைக்கிளை எடுத்திருப்பார், நான் சமையலறைக்குப் போயிருப்பேன். அங்கே இரண்டு பேரும் அந்தக் கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு, காற்று வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. நான் என் முடிவை அப்போது சொல்லவில்லை. இறங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தூத்துக்குடியில் தோணி கட்டும் பாலத்தில் இறங்கினோம். நீ பிரிய மனமில்லாமல் தோணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாய். மாமா இரண்டு பைகளையும் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் நேரத்தில், கொஞ்சம் தள்ளி உப்பு மூட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டி குடை சாய்ந்தது. மாடு நுகத்தோடு மாட்டிக்கொண்டு கதறுகிறது. வண்டிக்காரர், "அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க, ஒரு கை பிடிங்க" என்று பொதுவாகக் கத்துகிறார். உன் அப்பாவின் கால் தானாக நகர்ந்தது. எனக்குத் தெரிந்த நடைதான் அது, முதுகை மட்டும்தான் பார்க்க முடியும். அவ்வளவுதான், சொல்லவேண்டிய வேலைகூட மிச்சம், அவர் வருவதற்குள் மாடி ரூமுக்குப் போய்விடலாம் என்று நான் உன் கையைப் பிடித்தேன்.

நாலு எட்டு வைத்தவர் நின்றார். திரும்பினார். எங்களிடம் வந்து, என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் திக்கித் திக்கி, "அங்க ஒரு கை கொடுக்கணும் போல இருக்கு. போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

கிருபா, கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் போகும் முன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் உன் கையை விடாமல் அவரையே பார்த்தேன். அவரோ கேட்டுவிட்டு ஓடிவிடவில்லை. அங்கே மாடு கதறுகிறது, வண்டிக்காரர் கத்துகிறார், இவருக்கு உடம்பெல்லாம் பரபரக்கிறது, ஆனாலும் நான் பதில் சொல்லும்வரை என் எதிரில் நின்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பார். அது அவர் முகத்தில் தெரிந்தது. "போய்ட்டு வாங்க" என்றேன். ஓடினார். மாமா இரண்டு பைகளையும் ஒரே ரிக்ஷாவில் ஏற்றினார்.

அன்றோடு மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அடுத்த தேர்தலில் ஜெயித்தார், கேரல் பார்ட்டி திரும்ப வந்தது, அச்சு முறுக்கும் திரும்ப வந்தது. அந்த மீன்காரர் பையனுக்கு அட்மிஷன்கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும் சமையலறை வாசலில் வந்து நின்று கேட்பார். நீ காலேஜ் போன காலத்தில் உன் சிநேகிதர்களோடு சேர்ந்து, "அப்பா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பர்மிஷன் வாங்கறார்டா" என்று கேலி செய்தாய். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு உன்னை அறையலாம் போல இருந்தது. அது பர்மிஷன் இல்லை. நீ இங்கே இருக்கிறாய், உன்னை விட்டுத்தான் போகிறேன் என்று அவர் எனக்குச் சொல்வது. இத்தனை வருஷத்தில் இரண்டே முறை "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், ஏன் என்று கேட்கவில்லை. உன் தூத்துக்குடிப் பாட்டியின் சாவுச் செய்தி வந்தபோதும் அவரும் நானும் மட்டும்தான் வீட்டில் இருந்தோம். ரொம்ப நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உன் நல்ல மனதைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கும் பெருமைதான், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். ஷீலாவும் அதற்காகத்தான் உன்னை விரும்பியிருப்பாள். அன்று படிக்கட்டுக்கு ஓடும்போது நீ அவள் நாற்காலியை உரசிக்கொண்டு போனாய். ஒரு விநாடி குனிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தப் பெண் உனக்காக விடியும்வரை கூடப் பசியோடு சந்தோஷமாக உட்கார்ந்திருப்பாள். எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். என்னைப் போலப் பன்னிரண்டு வருஷம் அவள் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள், இந்தக் காலத்துப் பெண். அது உன் அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறு. சனிக்கிழமை காலை இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. வந்தால் உன் அப்பா உன்னை எதற்காவது அனுப்பிவிடுவார், நீயும் போய்விடுவாய். நேராக ராஜகீழ்ப்பாக்கம் போ. வழியில் தெரிந்தவர் யாராவது கை காட்டினால் தலையைக் குனிந்துகொண்டு நட, ஒரு நாள் தாம்பரம் நீ இல்லாமல் பிழைத்துக்கொள்ளும். பிரியாணிக்காக மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று நீளமாக ஆரம்பிக்காதே. நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. அவள் எதிரில் நின்று, "நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்கட்டுமா?" என்று மட்டும் கேள். நிஜமாகவே கேள், வேண்டாம் என்று அவள் சொல்ல இடம் வைத்துக் கேள். அவள் சட்டென்று பதில் சொல்ல மாட்டாள். பதில் வரும்வரை அங்கேயே நில்.

அம்மா